கொரியக் கதாநாயகி ஏன் எப்போதும் மொட்டைமாடியில் குடியிருக்கிறாள்?

கே-டிராமா எனப்படும் கொரியத் தொடர்களைப் பார்க்கிறவர்களுக்கு அந்த மொட்டைமாடி மனப்பாடமாகியிருக்கும். பச்சைப் பெயின்ட் அடித்த தரை. நடுவில் நாலு பேர் சம்மணம் போட்டு உட்காரும் அகலத்துக்கு ஒரு மரமேடை. சுவரோரம் பழுப்பு நிறச் சாடிகள், கொடியில் துணி, ஒரு வரிசை சீரியல் விளக்கு. அதற்கப்பால் சியோல் நகரமே மினுங்கிக்கொண்டிருக்கும். கதாநாயகி வேலையிடத்தில் திட்டு வாங்கி, வேலையும் போய், அப்பா வைத்துவிட்டுப் போன கடனுக்கு ஆள் வந்து கதவைத் தட்டி, எல்லாம் முடிந்து ராத்திரி படியேறி வந்து அந்த மேடையில் உட்கார்ந்து சோஜு என்ற கொரிய மதுவின் பாட்டிலைத் திறப்பாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதாநாயகன் மேலே வருவான்.

“இவ்ளோ கஷ்டத்துல இருக்கறவளுக்கு இப்படி ஒரு வீடு எப்படிங்க கிடைச்சுது?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

கஷ்டத்தில் இருப்பதால்தான் கிடைத்தது. ‘ஓக்தாப்பாங்’ என்று சொல்லப்படும் அந்த மாடி அறை, பல கட்டடங்களில் தண்ணீர்த் தொட்டிக்கோ தட்டுமுட்டுச் சாமானுக்கோ விட்ட இடத்தில் பிற்பாடு எழுப்பியது. அனுமதி இல்லாமல் கட்டியவையும் நிறைய. சுவர் மெல்லிசு. ஜூலை, ஆகஸ்டில் கூரை கொதிக்கும். ஜனவரியில் வெளியே மைனஸ் பத்துக்குக் கீழே போகும்போது உள்ளே குழாய் உறையும். அந்தப் பச்சைத் தரை அழகுக்கு அடித்ததல்ல, மழைநீர் இறங்காமல் இருக்கப் பூசிய பூச்சு. கேமராவுக்கு அங்கே வெளிச்சமும் இடமும் கிடைக்கிறது, கதைக்கு வானம் கிடைக்கிறது, ஆகவே இயக்குநர்கள் விடுவதில்லை. மூட்டைப்பூச்சி மாதிரி நெருக்கியடித்து வாழும் கதாநாயகியை யார் பதினாறு எபிசோடு பார்ப்பார்கள்?

நான் கே-டிராமா ரசிகன் இல்லை. வீட்டில் ஓடுவதால் பார்க்கிறவன். வேலை நிமித்தமாகச் சில காலம் சியோலுக்குத் தெற்கே சுவோனில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் இந்தத் தொடர்களைக் கவனித்துப் பார்க்கவே ஆரம்பித்தேன். அதுவும் முகங்களை அல்ல, வீடுகளை. ஒருவர் எந்த மாதிரிக் கதவைத் திறந்து உள்ளே போகிறார் என்று பார்த்துவிட்டால் போதும், அவருடைய சம்பளம், கடன், அவருக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்பது வரை கொரியப் பார்வையாளருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. நமக்குத்தான் காதல் மட்டும் தெரிகிறது.

எனக்குக் கொடுத்த வீடு ‘ஒன் ரூம்’ வகை. கதவைத் திறந்ததும் செருப்பு விட ஒரு முழம் பள்ளம், அடுத்து அடுப்பு, அடுப்புக்குக் கீழேயே துணி துவைக்கும் இயந்திரம், அதிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் கட்டில். சாம்பார் தாளித்தால் போர்வையில் பெருங்காயம் மணக்கும். ஆனால் தரை! குளிர்காலத்தில் அந்தத் தரைக்கு ஈடு இல்லை. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. பழைய காலத்தில் அடுப்புப் புகையைக் கல்லுக்கு அடியில் ஓடவிட்ட ‘ஒந்தோல்’ முறையின் இன்றைய வடிவம். தொடர்களில் பெரிய பணக்கார வீட்டில்கூட, சோபாவைச் சாய்மானமாக வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பழம் நறுக்கிச் சாப்பிடுவார்களே, அது ஏன் என்று முதல் டிசம்பரில் புரிந்தது. சூடு கீழேதான் இருக்கிறது.

மாடி அறைக்கு நேர் எதிர், பாதி மண்ணுக்குள் புதைந்த வீடு: ‘பன்ஜிஹா’. ஜன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும்; உள்ளேயிருந்து பார்த்தால் போகிறவர் வருகிறவர் கால் தெரியும். 2019-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனையும் 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கிய ‘பாரசைட்’ மூலம் உலகமே அந்த ஜன்னலைப் பார்த்தது. அந்த வீடுகள் வந்த கதை படத்தில் இல்லை. 1968-இல் வட கொரியக் கமாண்டோக்கள் அதிபர் மாளிகைக்கு மிக அருகே வரை ஊடுருவி வந்தார்கள். போர் பயம் தலைக்கேறியது. 1970-இல் கட்டட விதியைத் திருத்தி, ஆபத்துக் காலத்தில் பதுங்குவதற்குக் கீழ்த்தளம் கட்ட வேண்டும் என்றார்கள். பிறகு ஊரிலிருந்து சியோலுக்கு ஜனம் வந்து குவிய, வீடு போதாமல், பதுங்கு குழியையே வாடகைக்கு விட்டார்கள். 1980-களில் அரசும் அதற்கு வழி செய்து கொடுத்தது. இன்றும் சியோலில் ஏறத்தாழ இரண்டு லட்சம் குடும்பங்கள் அப்படி இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் பேய்மழை பெய்த இரவு, சில்லிம்-தோங் பகுதியில் ஒரு குடும்பத்தின் மூன்று பெண்கள் வெள்ளத்தின் அழுத்தத்தில் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வீடுகளைப் படிப்படியாக ஒழிப்போம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. குடியிருக்கிறவர்கள் அதே வாடகைக்கு வேறு எங்கே போவார்கள் என்பதற்குத்தான் பதில் கிடைத்தபாடில்லை.

வாடகை என்றதும் ‘ஜொன்சே’க்கு வந்தாக வேண்டும். தொடர்களில் அடிக்கடி வரும் சொல். சப்டைட்டிலில் ‘டெபாசிட்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பாதிக் கதை அதோடு போய்விடும். தமிழருக்கு இதை விளக்க ஒரு வரி போதும்: நம்மூர் ஒத்தி. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருடம் குடியிருக்கலாம், மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே தொகை வட்டியில்லாமல் திரும்பி வரும். மதுரைப் பக்கம் இரண்டு, மூன்று லட்சத்துக்கு ஒத்திக்கு வீடு பிடித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை, தொகையைத் தவிர. அங்கே வீட்டு விலையில் பாதிக்கு மேல், சில சமயம் முக்கால் பங்குக்கும் மேல் கேட்பார்கள். முப்பது கோடி வோன் ஜொன்சே என்றால் நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வாடகை வீட்டுக்கு!

இந்த முறை அங்கே பரவியது சாமானியனுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் தராத காலத்தில். வட்டி இரண்டிலக்கத்தில் இருந்தது. வீட்டுக்காரர் அந்த மொத்தத் தொகையை வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தார், அல்லது அதையே போட்டு இன்னொரு வீடு வாங்கினார். குடியிருப்பவரோ மாதாமாதம் வாடகை என்று கரையாமல் பணத்தைப் பத்திரமாகச் சேர்த்துவைத்த மாதிரி நினைத்தார். மாத வாடகை அறையிலிருந்து ஜொன்சேக்கு, ஜொன்சேயிலிருந்து சொந்த வீட்டுக்கு என்று ஒரு தலைமுறையே இந்த ஏணியில் ஏறியிருக்கிறது. அதனால்தான் ஐம்பதைத் தாண்டிய கொரியர்கள் ஜொன்சேயைப் பற்றிப் பேசும்போது ஒரு பாசம் தெரியும்.

முப்பதுகளில் இருப்பவர்களிடம் அந்தப் பாசம் இல்லை. தொகை கோடிக்கணக்கில் ஏறியதும் அந்த ஒத்திப் பணத்துக்கே வங்கியில் கடன் வாங்கினார்கள். வீட்டுக்காரர்களும் ஒருவர் கொடுத்த பணத்தை வைத்து அடுத்த வீடு, அவர் கொடுத்ததை வைத்து அதற்கடுத்த வீடு என்று வாங்கித் தள்ளினார்கள். 2022-இல் விலை இறங்கியதும் திருப்பித் தரப் பணம் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைப் பெயரில் வைத்திருந்த ஒருவர் அந்த அக்டோபரில் செத்தே போனார். குடியிருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். இன்ச்சோன் நகரில் பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் 2023-இன் தொடக்கத்தில் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஜூனில் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே வந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஒவ்வொரு நாளும் காலையில் காபியோடு உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தான் குடியிருக்கும் வீட்டின் பத்திரப் பதிவை இணையத்தில் திறந்து பார்ப்பார். நம்மூரில் வில்லங்கச் சான்று போடுகிற மாதிரி. வீட்டுக்காரர் நேற்று ராத்திரி அதன்மேல் புதிதாகக் கடன் ஏதும் வாங்கிவிட்டாரா என்று. “ராசிபலன் பார்ப்பதைவிட இது உபயோகம்” என்பார்.

தொடர்களில் இந்தக் காலைக் காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, வாழ்ந்தே தீர வேண்டிய இடத்தை விட்டு வாழ ஆசைப்படும் இடத்துக்குப் போவோம். கொரியாவில் அது அபார்ட்மென்ட். இங்கே தனி வீட்டுக்காரர் பெரிய மனுஷர், பிளாட்டில் இருப்பவர் அடுத்தபடி. அங்கே அப்படியே தலைகீழ். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அபார்ட்மென்டில்தான் இருக்கின்றன. பக்கவாட்டுச் சுவரில் 101, 102 என்று ராட்சத எண் எழுதிய, ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள். ரயிலில் போனால் ஊருக்கு ஊர் இதே காட்சிதான். அதிலும் எந்த கம்பெனி கட்டியது என்பது முக்கியம். சாம்சங்கின் ‘ரேமியன்’னா, ஜி.எஸ்.ஸின் ‘ஜை’யா, ஹூண்டாயின் ‘ஹில்ஸ்டேட்’டா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இதை வைத்து ஒருவரையொருவர் எடைபோடுகிறார்கள் என்று அங்குள்ள பெற்றோர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். 2024-இல் பிளாக்பிங்க் குழுவின் ரோஸேயும் அமெரிக்கப் பாடகர் புரூனோ மார்ஸும் பாடி உலகமெங்கும் ஓடிய ‘ஆபத்’ (APT.) பாட்டு, அபார்ட்மென்ட் என்ற பேரில் கொரியர்கள் குடித்துக்கொண்டே விளையாடும் விளையாட்டிலிருந்து வந்ததுதான். எல்லோரும் கைகளை மாடி மாடியாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டும். ஒருவர் ஒரு எண் சொல்வார். அடியிலிருந்து ஒவ்வொரு கையாக உருவி மேலே வைத்துக்கொண்டே போக, அந்த எண்ணுக்குரிய மாடியில் யார் கை வருகிறதோ அவர் குடிக்க வேண்டும். நாலு கிளாஸ் சோஜுவிலும் ரியல் எஸ்டேட்தான்.

காங்னம் என்ற பெயரை 2012-இல் கொரியப் பாடகர் சைய்யின் பாட்டில் கேட்டபோது ஏதோ நடனத்தின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம். யூடியூபில் முதன்முதலாக நூறு கோடி பார்வைகளைத் தொட்ட அந்தப் பாட்டு கிண்டல் செய்தது ஹான் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் ஒரு பேட்டையின் பகட்டை. 1970 வாக்கில் அங்கே வயலும் பேரிக்காய்த் தோப்பும்தான். ஆற்றுக்கு வடக்கே நெரிசல் தாங்காமல், தெற்கே போங்கள் என்று அரசு சொல்லிப் பார்த்தது, யாரும் அசையவில்லை. கடைசியில் ஆட்சியாளர்கள் கொரியத் தாய்மாரின் நாடியைப் பிடித்தார்கள். பேர்பெற்ற பள்ளிக்கூடங்களைத் தூக்கித் தெற்கே வைத்தார்கள். 1976-இல் கியோங்கி உயர்நிலைப் பள்ளி இடம்பெயர்ந்தது. பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே குடும்பங்களும் போயின, அவற்றின் பின்னால் விலையும். அதே காங்னத்தில் இருக்கும் தேச்சி-தோங்கில்தான் இன்று டியூஷன் சென்டர்கள் தெருத் தெருவாக நிற்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் பாடம் நடத்தக் கூடாது என்று சியோலில் விதி. 10 அடித்ததும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள்: சாலையின் ஓரத்தில் விளக்கை மினுக்கிக்கொண்டு அம்மாக்களின் கார்கள் வரிசை கட்டி நிற்கும், பிள்ளைகள் முதுகில் பையோடு தூங்கிய முகத்தோடு வந்து ஏறும். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கல்லூரி நுழைவுத் தேர்வு. அன்று பங்குச் சந்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் அரை மணி நேரத்துக்கு நாடு முழுக்க விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அந்தத் தேர்வில் வழுக்கியவர்களும், வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் படிப்பவர்களும் தங்குவதற்கு என்றே ‘கோஷிவோன்’ என்று ஒரு வகை அறை உண்டு. கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். பொதுச் சமையலறையில் சோறும், காரமாக ஊறவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியும் இலவசம். இப்போது அவற்றில் படிக்கிறவர்களைவிட, வேறு போக்கிடம் இல்லாத கூலிக்காரர்களும் வயதானவர்களும் அதிகம். 2018 நவம்பரில் சியோல் ஜோங்னோ பகுதியில் ஒரு கோஷிவோன் தீப்பிடித்து ஏழு பேர் இறந்தபோது செத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கே-பாப் என்ற கொரியப் பாப் இசை பற்றி எழுதாமல் கொரியக் கட்டுரையா என்று மகள் கேட்பாள். எழுதுகிறேன், ஆனால் வீட்டை விட்டு நகராமல். அங்கே பயிற்சிக்குச் சேர்ந்த பையனும் பெண்ணும் கம்பெனி விடுதியில் தங்குவார்கள். அரங்கேறிய பிறகும் பல வருடம் அதே விடுதிதான். பி.டி.எஸ். பாட்டுக் குழு 2013-இல் வந்த புதிதில் ஏழு பேருக்கும் ஒரே படுக்கையறை, அடுக்குக் கட்டில். காங்னம் வட்டாரத்தில்தான், ஆனால் பகட்டுப் பக்கமில்லை. அன்றைக்கு அவர்கள் கம்பெனி சிறியது. பின்னால் அதே ஏழு பேர் நாட்டிலேயே விலை உயர்ந்த குடியிருப்புகள் இருக்கும் ஹன்னம்-தோங்குக்குப் போனார்கள். ரசிகர்கள் இந்த இரண்டு வீட்டையும் வைத்துத்தான் அவர்கள் கதையைச் சொல்கிறார்கள், விருதுகளை வைத்து அல்ல. அப்புறம் 2022 டிசம்பரிலிருந்து ஒவ்வொருவராகக் கட்டாய ராணுவ சேவைக்குப் போக, பெரும்பாலானோருக்கு மறுபடியும் பாசறையில் வரிசைக் கட்டில். இந்த ஒரு விஷயத்தில் கொரியா யாருக்கும் சலுகை காட்டுவதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஒலிம்பிக்கில் பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ வாங்கினால் விலக்கு உண்டு. பாப் பாட்டுக்காரர்களுக்கு அது கிடையாது, தள்ளிப்போடலாம், அவ்வளவே.

வீடு சிறியது என்றால் மீதி வாழ்க்கை வெளியேதான். கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாசலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் மேஜையில்தான் தொடர்களில் பாதிக் காதலும் முக்கால்வாசி அழுகையும் நடக்கின்றன; நேரிலும் அப்படித்தான். கஃபேக்கள் படிப்பறை. ஒரு காபிக்கு ஐந்து மணி நேரம் உட்காருவார்கள். மேஜைக் கணினியும் பிரின்டரும் கொண்டுவந்து அலுவலகமே அமைத்துவிட்டார்கள் என்று 2025-இல் ஸ்டார்பக்ஸ் அவற்றைக் கொண்டுவரக் கூடாதென அறிவிப்பு ஒட்டும்படி ஆயிற்று. இதையெல்லாம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த ஒன் ரூமில் நானும் இருந்தவன்தானே.

கொரியக் குடித்தனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எச்சில் சோற்றுக்கு எடைபோட்டுக் காசு வாங்கும் இயந்திரம். குடியிருப்பின் கீழே நிற்கும். அட்டையைக் காட்டினால் மூடி தானாகத் திறக்கும். கொட்டியதும் இத்தனை கிராம் என்று திரையில் காட்டி, கணக்கில் ஏற்றிக்கொள்ளும். உணவுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கு 2005-இலேயே தடை. எடைக்குத் தக்க கட்டணம் 2013-இல் வந்தது. ஆனால் எது உணவுக் கழிவு என்பதில் ஒரு பெரிய சாஸ்திரமே இருக்கிறது. மாடு, பன்றி தின்னக்கூடியது உணவுக் கழிவு. எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோல் எல்லாம் சாதாரணக் குப்பை. நான் தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோது காவலுக்கு இருந்த பெரியவர் வந்து அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, இரண்டு தொட்டியையும் பார்த்துவிட்டு, கடைசியில் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் அதில் பேனா போட்டு வைத்திருந்தார்.

அந்தப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கொரியாவில் இந்த வயதில் வேலை பார்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. முதியோரில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் ஏழைகள். வளர்ந்த நாடுகளில் இவ்வளவு மோசம் வேறெங்கும் இல்லை. 65 வயதானால் மெட்ரோ ரயில் இலவசம் என்று 1984-இல் கொண்டுவந்தார்கள். அந்த இலவசப் பயணத்தை மூலதனமாக வைத்தே சியோலில் ஒரு தொழில் நடக்கிறது: பூங்கொத்து, பத்திரம், பல் செட் என்று சின்னச் சின்னப் பொருள்களைத் தாத்தாக்கள் மெட்ரோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். மாடி அறைக் கதாநாயகிக்கு ஒரு வீட்டுக்காரப் பாட்டி உண்டு, கத்திவிட்டுக் கிம்ச்சி கொடுத்துவிட்டுப் போவாள். மற்றபடி இவர்கள் தொடர்களில் தலைகாட்டுவது குறைவு.

வீடு மாற்றுவதைத்தான் தொடர்கள் சரியாகக் காட்டுகின்றன. சந்திரக் கணக்கில் ஒன்பதிலும் பூஜ்யத்திலும் முடியும் தேதிகளில் கெட்ட ஆவிகள் ஊரில் இருக்காதாம். அன்று சாமான் ஏற்றும் கம்பெனிகள் கூடுதல் காசு கேட்கும், கேட்டதைக் கொடுக்கவும் ஆள் உண்டு. லாரியிலிருந்து ஒரு ஏணி பத்தாவது, பதினைந்தாவது மாடி ஜன்னல் வரை நீளும். பீரோவும் பிரிட்ஜும் அதில் வழுக்கிக்கொண்டு இறங்கும். புது வீட்டில் தரையில் செய்தித்தாளை விரித்துக் கறுப்புக் குழம்பு ஊற்றிய ஜாஜாங்மியோன் நூடுல்ஸ். பார்க்க வருகிறவர்கள் கையில் டாய்லெட் பேப்பர் கட்டு அல்லது சோப்புத்தூள். பேப்பர் சுருள் பிரிவதுபோலக் காரியங்கள் தடையில்லாமல் ஓடட்டும், நுரைபோலச் செல்வம் பொங்கட்டும் என்று. என் பக்கத்து இருக்கைக்காரரிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்த டாய்லெட் பேப்பர் இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.

நாற்பதை நெருங்குகிறவர் அவர், கல்யாணம் ஆகவில்லை. புது அபார்ட்மென்டைச் சந்தை விலைக்குக் கீழே வாங்க அரசு வகுத்த ஒரு வரிசை உண்டு. அதற்கென்று தனியாக வங்கிக் கணக்கு தொடங்கி வருடக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். 84 புள்ளி உச்சம். சொந்த வீடு இல்லாமல் கழித்த வருடங்களுக்கு 32 வரை, கணக்கின் வயதுக்கு 17 வரை, நம்பியிருக்கும் குடும்பத்தினருக்கு 35 வரை (யாரும் இல்லாவிட்டாலும் 5). மனைவிக்கு 5, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5. கல்யாணமாகாதவருக்கு வீடில்லாத வருடம் 30 வயதிலிருந்துதான் எண்ணப்படும். அவர் எத்தனை வருடம் காத்திருந்தாலும் 54-ஐத் தாண்ட முடியாது. சியோலில் நல்ல இடத்துக்கு அது எந்த மூலைக்கு? மாப்பிள்ளை வீட்டார்தான் வீட்டுக்கு வழி செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அங்கே இன்னும் போகவில்லை. ஆக, வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாமல் புள்ளி இல்லை. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்று கணக்கு வந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் காரணம் தேடின. இவர் தன் புள்ளிக் கணக்கு எழுதிய தாளை என்னிடம் காட்டினார்.

“அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து வைத்துக்கொள்ளுங்களேன். அவருக்கும் 5 உண்டல்லவா?” என்று கேட்டேன்.

“மூன்று வருடம் ஒரே முகவரியில் இருந்தால் உண்டு. ஆனால் அம்மாவுக்குப் பூசானில் சொந்த வீடு இருக்கிறது. வீடு வைத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார்.”

காசுக்காக இரண்டு பேர் ஒப்பந்தம் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டு ஒரே வீட்டில் இருக்கும் கதை கே-டிராமாவில் வருடத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். “இதெல்லாம் எங்கயாவது நடக்குமாங்க?” என்று மனைவி கேட்டாள். இந்த வரிசையில் புள்ளி ஏற்றுவதற்காகக் காகிதத்தில் மட்டும் கல்யாணம் செய்துகொண்டு, அரசாங்கத்திடம் மாட்டியவர்கள் அங்கே நிஜமாகவே உண்டு. பதினாறாவது எபிசோடுக்குள் அவர்களுக்குக் காதல் வந்ததா என்பது போலீஸ் அறிக்கையில் இருக்காது.